65,536-வது வரிசைக்குக் கீழே என்ன இருந்தது?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு நாம பேசப் போறது எக்செல் பத்தி. ஷார்ட்கட் கீ, பிவட் டேபிள் எல்லாம் இல்லை. பெரிய ஷீட்ல ஃபார்முலா போட்டு என்டர் தட்டினதும் "இருக்கிற மெமரி போதாது, டேட்டாவைக் குறைங்க, இல்லைன்னா மத்த புரோகிராம்களை மூடுங்க" என்று ஒரு பெட்டி வந்து நிற்கும் இல்லையா, அந்தப் பெட்டியோட வரலாறு. அந்தப் பெட்டி வராம போன ஒரு நாள்ல என்ன நடந்தது என்பதும் இதில் சேர்த்தி.

முதல்ல அந்த நாளைப் பார்த்துடலாம்.

2020 அக்டோபர் முதல் வாரம், பிரிட்டன். கொரோனாவின் இரண்டாவது அலை ஏறிக்கொண்டிருந்த நேரம். தினமும் சாயங்காலம் அரசாங்கம் அன்றைய புதிய தொற்று எண்ணிக்கையை வெளியிடும். அக்டோபர் 3-ஆம் தேதி வந்த எண் 12,872. மறுநாள் 22,961. ஒரே நாளில் பத்தாயிரம் கூடிவிட்டது. தொற்று அப்படிப் பாயவில்லை. செப்டம்பர் 25-லிருந்து அக்டோபர் 2 வரை எண்ணிக்கையிலிருந்து விட்டுப்போன 15,841 பேரை அந்த வாரக் கடைசியில் கணக்கில் சேர்த்திருந்தார்கள்.

அந்த 15,841 பேருக்கும் "உங்களுக்கு பாசிட்டிவ்" என்ற ரிசல்ட் போய்விட்டது. அதில் பிரச்சினை இல்லை. ஆனால் அவர்கள் யார் யாரைச் சந்தித்தார்கள் என்று கேட்டு, அந்த ஆட்களுக்கு ஃபோன் பண்ணி "வீட்டிலேயே இருங்க" என்று சொல்லும் வேலை இருக்கு இல்லையா, கான்டாக்ட் டிரேசிங், அந்தக் குழுவுக்கு இந்தப் பெயர்கள் போய்ச் சேரவில்லை. கொரோனாவில் ஓரிரு நாள் தாமதமே பெரிய விஷயம். இங்கே சிலருக்கு ஒரு வாரம் வரை போய்விட்டது.

காரணம் என்ன என்று பார்த்தால், ஒரு ஃபைல் நிரம்பிவிட்டது. ஆய்வகங்கள் அனுப்பின பட்டியலை பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பு பழைய வகை எக்செல் ஃபைலுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த வகை ஃபைலில் 65,536 வரிசைதான் இருக்கும். அதற்கு மேல் வந்தது உள்ளே போகவில்லை.

செய்தி வந்தப்போ உலகம் முழுக்கச் சிரித்தார்கள். "இவ்வளவு பெரிய நாடு, எக்செல்லையா நம்பியிருந்தது?" என்று. எனக்கு வேற ஒரு கேள்விதான் பெரிசாத் தெரியுது. ஏன் 65,536? யார் வைத்த எண் அது? அதைத் தாண்டினப்போ ஏன் யாருக்கும் தெரியவில்லை? இதற்குப் பதில் தேட 42 வருஷம் பின்னாடி போகணும்.

மூலையில் ஒரு எண்

1978. டான் பிரிக்லின் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் மாணவர். வகுப்பில் பேராசிரியர் கரும்பலகையில் பெரிய அட்டவணை போட்டுக் கணக்கு எழுதுவார். ஒரு எண் தப்பென்று தெரிந்தால் அதை அழிப்பார், அதை நம்பியிருக்கும் அடுத்த எண்ணையும் அழிப்பார், அதற்கடுத்ததையும். பலகையே ஒரு எண்ணை மாற்றினால் மீதியைத் தானே மாற்றிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று பிரிக்லின் யோசித்தார். நண்பர் பாப் ஃபிராங்க்ஸ்டன் அதை நிரலாக எழுதினார். 1979-ல் விசிகால்க் என்ற பெயரில் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு வெளியானது. வீட்டில், மேசைமேல் வைக்கிற கம்ப்யூட்டரில் ஓடின முதல் ஸ்ப்ரெட்ஷீட் அதுதான்.

அதில் 254 வரிசை, 63 நெடுவரிசை. பெருக்கினால் 16,002 கட்டம். ஆனால் அது ஓடின மெஷினில் மெமரி 32 கிலோபைட். இன்னைக்கு வாட்ஸ்அப்ல வர்ற ஒரு குட்மார்னிங் படம் கூட அதைவிடப் பெரிசு. 32 கிலோபைட்டை 16,002 கட்டத்துக்குப் பங்கு போட்டால் ஒரு கட்டத்துக்கு இரண்டு பைட்தான் வரும். அந்த 32-க்குள்ளேதான் விசிகால்க் புரோகிராமும் உட்காரணும். ஆக 16,002 கட்டத்தையும் நிரப்பவே முடியாது. கட்டங்களின் எண்ணிக்கை ஒரு வாக்குறுதி மாதிரி. அதில் எத்தனை கிடைக்கும் என்பதை மெமரிதான் முடிவு செய்யும். இதை மனசுல வச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வரும்.

இதை மறைக்காமல் விசிகால்க் ஒரு வேலை செய்தது. திரையின் மேல் வலது மூலையில் ஒரு சின்ன எண் எப்போதும் தெரியும். இன்னும் எத்தனை கிலோபைட் மிச்சம் என்பதுதான் அந்த எண். நீங்கள் தட்டத் தட்ட அது குறையும். பைக்ல பெட்ரோல் முள் மாதிரி. கணக்குப் போடுகிற ஒருவர் தன் எல்லையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தார்.

ஃபார்முலாவிலும் எல்லை இருந்தது. விசிகால்க் கணக்கைத் திரும்பப் போடும்போது வரிசை வரிசையாகவோ நெடுவரிசை நெடுவரிசையாகவோ போகும். மேலே இருக்கும் ஒரு ஃபார்முலா, கீழே இன்னும் கணக்குப் போடாத ஒரு கட்டத்தைக் கேட்டால் பழைய மதிப்புதான் கிடைக்கும். இன்னொரு தடவை கணக்குப் போடச் சொல்லணும். எந்தக் கட்டம் எதை நம்பியிருக்கு என்று பார்த்துச் சரியான வரிசையில் போகும் வித்தையை கனடாவில் ரெனே பார்டோ, ரெமி லாண்டாவ் என்ற இருவர் 1969-லேயே லேன்பார் என்ற மென்பொருளில் செய்திருந்தார்கள். ஆனால் அது பெரிய நிறுவனங்களின் பெரிய கம்ப்யூட்டரில் ஓடினது. மேசைக் கம்ப்யூட்டருக்கு அது வர இன்னும் சில வருஷம் ஆனது.

மெமரி ஃபுல்

1983 ஜனவரி. மிட்ச் கேபோர் தொடங்கின லோட்டஸ் நிறுவனம், லோட்டஸ் 1-2-3 என்ற ஸ்ப்ரெட்ஷீட்டை ஐபிஎம் பிசிக்கு வெளியிட்டது. நிரல் எழுதினவர் ஜோனதன் சாக்ஸ். வேகத்துக்காக முழுக்க அசெம்பிளி மொழியில் எழுதினார். முதல் வருஷமே 5.3 கோடி டாலர் வருமானம். பல கம்பெனிகள் இந்த ஒரு மென்பொருளுக்காகவே ஐபிஎம் பிசி வாங்கின. இரண்டு வருஷத்தில் விசிகால்க்கை உருவாக்கின நிறுவனத்தையே லோட்டஸ் வாங்கிவிட்டது.

ஐபிஎம் பிசியில் இருந்த 8088 சிப்புக்கு மொத்தம் 1 மெகாபைட் வரைதான் முகவரி தெரியும். அதில் மேல்பகுதியைத் திரைக்கும் மற்ற ஹார்டுவேருக்கும் ஒதுக்கி வைத்ததால் புரோகிராமுக்குக் கிடைத்தது 640 கிலோபைட். 1981-ல் பிசி வந்தப்போ அது ரொம்ப தாராளம். ஆனால் லோட்டஸின் ஷீட்டில் 2,048 வரிசை, 256 நெடுவரிசை. அதாவது ஐந்து லட்சத்துக்கு மேல் கட்டம். விசிகால்க் கதைதான் திரும்பவும்: வாக்குறுதி பெரிசு, கையில் இருப்பு சிறிசு.

பட்ஜெட் போடுபவர்கள் ஷீட்டை வளர்த்துக்கொண்டே போனார்கள். திரையின் அடியில் "மெமரி ஃபுல்" என்று வந்து நிற்கும். அதுக்கு மேல் ஒரு எண் கூட ஏறாது. இன்னொரு எரிச்சலும் உண்டு. ஆரம்பப் பதிப்புகளில் நீங்கள் ஒரு மூலையில் ஒரு எண்ணும், ரொம்ப தூரத்தில் இன்னொரு எண்ணும் போட்டால், நடுவில் இருக்கும் காலிக் கட்டங்களும் மெமரியைத் தின்னும். அதனால் அந்தக் காலத்துக் கணக்காளர்கள் ஷீட்டை நெருக்கமாகக் கட்டினார்கள். சின்ன ஃப்ளாட்ல சாமான் அடுக்குவது மாதிரி. 1985-ல் வந்த இரண்டாவது பதிப்பு, எழுதின கட்டத்துக்கு மட்டும் இடம் ஒதுக்கும் முறைக்கு மாறியது. வரிசையும் 8,192 ஆனது.

அதே 1985-ல் இன்னொன்று நடந்தது. 640-ஐத் தாண்ட வழி தேடி லோட்டஸும் இன்டெலும் கை கோர்த்தன. பிறகு மைக்ரோசாஃப்டும் சேர்ந்தது. மூன்று நிறுவனங்களின் முதல் எழுத்தையும் சேர்த்து லிம் என்று அழைக்கப்பட்ட எக்ஸ்பாண்டட் மெமரி தரம் பிறந்தது.

அது எப்படி வேலை செய்தது என்றால், உங்க படிப்பு மேசை சின்னது, நாலு புத்தகம்தான் வைக்கலாம். பக்கத்தில் ஒரு பெரிய பீரோ. வேணும்கிற புத்தகத்தை எடுத்து மேசையில் வை, வேண்டாததைத் திரும்பப் பீரோவில் வை. அந்த மேசைதான் 640-க்கு மேலே ஒதுக்கின 64 கிலோபைட் ஜன்னல். 16, 16 கிலோபைட்டாக நாலு பக்கம். பீரோ என்பது தனியாக வாங்கிச் செருகும் மெமரி கார்டு. பெரிய ஷீட் போட முடியலைன்னு கணக்காளர்கள் புலம்பினதுதான் அந்த கார்டுகள் விற்பனைக்கு வர முக்கியமான காரணம். ஒரு மென்பொருளின் பயனாளிகள் ஹார்டுவேரையே மாற்ற வைத்தார்கள்.

இங்கே ஒரு விஷயம் கவனிங்க. "மெமரி ஃபுல்" எல்லாருக்கும் எரிச்சல். ஆனால் அது வந்ததால் யாரும் தப்பான கணக்கை நம்பிப் போகவில்லை. வேலை நின்றது, ஆள் கவனித்தார், வழி தேடினார். அந்தத் திட்டு வாங்கின செய்திதான் அத்தனை பேரையும் காப்பாற்றிக்கொண்டும் இருந்தது.

இரண்டு பைட்டில் ஒரு வரிசை எண்

மைக்ரோசாஃப்ட் எக்செல் 1985-ல் முதலில் மேக்கின்டாஷுக்கு வந்தது. 1987-ல் விண்டோஸுக்கு. அப்போது 16,384 வரிசை. எக்செல் 97-ல் அது 65,536 ஆனது. 

இந்த எண் வானத்திலிருந்து விழுந்ததில்லை. கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது 0, 1 என்ற இரண்டு இலக்கம். அப்படி 16 இடம் கொடுத்தால், அதாவது 2 பைட், மொத்தம் 65,536 வெவ்வேறு எண்கள் எழுதலாம். எக்செல்லின் பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைலில் ஒவ்வொரு கட்டத்தின் பதிவிலும் "நான் இத்தனாவது வரிசை" என்று குறிக்க 2 பைட்தான் ஒதுக்கியிருந்தது. நம்ம ஊர் வண்டி நம்பர் பிளேட்ல கடைசியில் நாலு இலக்கம் வருது இல்லையா? 9999 வந்ததும் ஆர்டிஓ ஆபீஸ் எழுத்தை மாற்றி அடுத்த சீரிஸுக்குப் போய்விடும். எக்ஸ்எல்எஸ் ஃபைலில் அடுத்த சீரிஸுக்கு இடமே கிடையாது. 65,537-வது வரிசை என்று எழுதுவதற்கு எழுத்தே இல்லை.

ஏன் 3 பைட் கொடுக்கவில்லை? லட்சக்கணக்கான கட்டங்களுக்கு ஆளுக்கு ஒரு பைட் கூட்டினாலும் அன்றைய மெமரிக்கும் டிஸ்க்குக்கும் பெரிய சுமை. அன்றைக்கு அது நல்ல முடிவு. என்ன, மெமரி என்பது ஒரு சிப். இரண்டு வருஷத்தில் கழற்றி மாற்றிவிடலாம். ஃபைல் வடிவம் அப்படி இல்லை. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான ஃபைல்கள் அந்த வடிவத்தில் சேமிக்கப்பட்ட பிறகு அதை யாராலும் கழற்ற முடியாது.

அந்தக் காலத்து எக்செல்லில் வேறு எல்லைகளும் இருந்தன. எக்செல் 2003 வரை ஒரு ஃபார்முலாவின் நீளம் 1,024 எழுத்து. ஒரு ஃபங்ஷனுக்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என்று ஏழு அடுக்குதான் போகலாம். சம்பளப் பட்டியலில் "இதுவானால் இது, இல்லைன்னா அது" என்று இஃப் மேல் இஃப் போட்டுக்கொண்டே போனவர்கள் எட்டாவதில் முட்டி நிற்பார்கள். பலர் வேறு வழியில்லாமல் ஃபார்முலாவை உடைத்துப் பக்கத்து நெடுவரிசைகளில் பாதிக் கணக்காகப் போட்டார்கள். சொல்லப்போனால் அதுவே நல்ல பழக்கம். உடைத்துப் போட்ட கணக்கை அடுத்தவர் படித்துச் சரிபார்க்க முடியும்.

மெமரி எல்லை இன்னும் விசித்திரமானது. உங்க மெஷினில் எவ்வளவு மெமரி இருந்தாலும் எக்செல் 2000 தன் ஷீட் வேலைகளுக்கு 64 மெகாபைட்தான் எடுத்துக்கொள்ளும். எக்செல் 2002-ல் அது 128. எக்செல் 2003-ல் 1 ஜிகாபைட். "மெமரி போதாது" என்று வருகிறதே என்று கடைக்குப் போய் மெமரி வாங்கிப் போட்டவருக்கு அதே செய்தி அப்படியே வரும். இன்னைக்கும் ஆபீஸ்களில் இதே குழப்பம் இருக்கு, அதுக்கு வர்றேன்.

இன்னொரு எல்லை யார் கண்ணிலும் படாமல் இருந்தது. ஒரு கட்டத்தை மாற்றினால் எக்செல் ஷீட் முழுவதையும் கணக்குப் போடாது. எது எதை நம்பியிருக்கு என்று ஒரு உறவுப் பட்டியல் வைத்திருக்கும், அதைப் பார்த்துத் தேவையானதை மட்டும் போடும். அந்தப் பட்டியலுக்கும் எக்செல் 2003 வரை 65,536 என்ற எல்லை உண்டு. அதைத் தாண்டினால் எக்செல் புத்திசாலித்தனத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் முழுசாகக் கணக்குப் போடும். கீழே ஸ்டேட்டஸ் பாரில் "கால்குலேட்" என்ற வார்த்தை மட்டும் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும். ஃபைல் ஏன் திடீரென்று ஆமை ஆனது என்று பலருக்குக் கடைசி வரை தெரியாது. விடை சரியாகத்தான் வரும், நேரம்தான் போகும். ஆனால் எல்லை கொஞ்சம் கொஞ்சமாகக் குரலைத் தாழ்த்திக்கொள்வதை இங்கேயே பார்க்கலாம். திரை மறித்து நின்ற "மெமரி ஃபுல்", இப்போது ஓரத்தில் ஒரு சின்ன வார்த்தை.

பெரிய கட்டம் வந்த வருஷம்

எக்செல் 2007-ல் எல்லாமே உயர்ந்தது. 10,48,576 வரிசை, 16,384 நெடுவரிசை. ஃபார்முலா நீளம் 8,192 எழுத்து. ஏழு அடுக்கு 64 ஆனது. ஒரு ஃபங்ஷனுக்கு 30 ஆர்க்யுமென்ட் என்பது 255 ஆனது. ஃபைலுக்கும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்ற புது வடிவம்.

அந்த வருஷம் செப்டம்பரில் ஒரு வேடிக்கை. =850*77.1 என்று போட்டால் 65,535 வரணும். எக்செல் 2007 அதை 1,00,000 என்று காட்டியது! கணக்கு உள்ளே சரியாகவே இருந்தது. அந்த விடையைத் திரைக்கு எழுதிக் காட்டும் பகுதியில்தான் பிழை. 65,535-க்கும் 65,536-க்கும் ஒட்டின வெறும் 12 மதிப்புகளுக்கு மட்டும் அது நடக்கும். மைக்ரோசாஃப்ட் அடுத்த மாதமே சரிசெய்துவிட்டது. நம்ம கதையின் அதே எண்ணுக்குப் பக்கத்திலேயே இந்தப் பிழை வந்தது பாருங்க. தவிர, ஒரு எச்சரிக்கையும் இல்லாமல், பளிச்சென்று ஒரு தப்பு எண்.

சரி, கட்டம் பெரிசாச்சு, மெமரி பிரச்சினை தீர்ந்ததா? இப்போ ஒரு ஷீட்டில் இருக்கும் கட்டங்களைப் பெருக்கிப் பாருங்க. 1,717 கோடியே 98 லட்சத்துச் சொச்சம். கட்டத்துக்கு ஒரே ஒரு பைட் என்றாலும் 16 ஜிகாபைட். 32-பிட் எக்செல்லுக்குக் கிடைத்தது 2 ஜிகாபைட். விசிகால்க்கின் 16,002 கட்டமும் 32 கிலோபைட்டும் ஞாபகம் இருக்கா? 28 வருஷம் கழித்தும் வாக்குறுதிக்கும் இருப்புக்கும் நடுவில் அதே இடைவெளி.

அதனால் மெமரிப் பெட்டி திரும்ப வந்தது, புது வழிகளில். நெடுவரிசை முழுவதையும் ஒரு அரே ஃபார்முலாவுக்குக் கொடுத்தால் இப்போது அது பத்து லட்சத்துக்கு மேல் கட்டம் பார்க்கிறது. அதை ஐயாயிரம் வரிசைக்கு இழுத்துவிட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. 2010-ல் 64-பிட் எக்செல் வந்து மெஷினில் இருக்கும் மெமரியை முழுசாகப் பயன்படுத்த வழி திறந்தது. 2016-ல் வந்த ஒரு அப்டேட்டில் 32-பிட் எக்செல்லும், 64-பிட் விண்டோஸில் ஓடினால், 4 ஜிகாபைட் வரை போகலாம் என்றானது. நான் முன்பு சொன்ன குழப்பம் இதுதான். 16 ஜிகாபைட் லேப்டாப்பில் 32-பிட் எக்செல் இருந்தால், "மெமரி இல்லை" என்று அது சொல்வது பொய் இல்லை. அதன் வீட்டுக்குள் இடமில்லை. தெருவில் எவ்வளவு காலி மனை இருந்தாலும் அதற்குப் பிரயோஜனம் இல்லை.

திரும்ப 2020-க்கு

இப்போ பிரிட்டன் கதையை இன்னொரு தடவை பார்க்கலாம், வேற மாதிரி தெரியும்.

தனியார் ஆய்வகங்கள் ரிசல்ட்டை சிஎஸ்வி ஃபைலாக அனுப்பின. சிஎஸ்வி என்பது வெறும் எழுத்து. கமா போட்டுப் பிரித்த பட்டியல். அதற்கு வரிசை எல்லையே கிடையாது. அதை எடுத்து எக்ஸ்எல்எஸ் வார்ப்புகளுக்குள் ஏற்றும் தானியங்கி வேலை ஒன்று இருந்தது. ஒரு நபரின் ரிசல்ட் பல வரிசைகளை எடுத்துக்கொண்டதால், ஒரு ஃபைலில் சுமார் 1,400 பேர்தான் அடங்கினார்கள். கோடையில் தொற்று குறைவாக இருந்தபோது அது போதுமானது. செப்டம்பர் கடைசியில் எண்ணிக்கை ஏறினதும் ஃபைல் நிரம்பியது. மிச்சம் கீழே விழுந்தது.

2007-லேயே பெரிய கட்டம் வந்துவிட்டது. 2020-ல் அங்கிருந்த மெஷின்களுக்குப் பத்து லட்சம் வரிசை ஒரு பொருட்டே இல்லை. ஆக அன்றைக்கு மெமரிப் பஞ்சம் எதுவும் இல்லை. 1990-களின் மெமரிப் பஞ்சத்துக்காக எடுத்த ஒரு முடிவு, அந்தப் பஞ்சம் தீர்ந்த பிறகும் ஃபைல் வடிவத்துக்குள் உயிரோடு இருந்தது. சுகாதார அமைச்சர் மேட் ஹான்காக் நாடாளுமன்றத்தில், இது பழைய அமைப்பு, இதை மாற்றுவதென்று ஜூலையிலேயே முடிவெடுத்திருந்தோம் என்றார். உடனடித் தீர்வாக, ஃபைல்களைச் சின்னச் சின்னதாகப் பிரித்து ஏற்றினார்கள்.

வார்விக் பல்கலைக்கழகத்தின் தீமோ ஃபெட்சரும் ஹார்வர்டின் தாமஸ் கிரேபரும் இதன் விளைவை ஆராய்ந்து 2021-ல் வெளியிட்டார்கள். விட்டுப்போன பெயர்கள் நாடு முழுக்க ஒரே அளவில் இல்லை. சில பகுதிகளில் அதிகம், சில பகுதிகளில் குறைவு. அந்த வித்தியாசத்தை வைத்து, அடுத்த வாரங்களில் எங்கே தொற்று கூடியது என்று ஒப்பிட்டார்கள். அவர்களின் மதிப்பீடு: கூடுதலாக 1,25,000-க்கு மேற்பட்ட தொற்றுகள், 1,500-க்கு மேற்பட்ட மரணங்கள். இது புள்ளியியல் மதிப்பீடுதான், தலை எண்ணின கணக்கு இல்லை. அப்படியே வைத்துக்கொண்டாலும், ஒரு ஷீட்டின் அடியில் விழுந்த வரிசைகளுக்கு இது எவ்வளவு பெரிய விலை!

சிரித்தவர்கள் சொன்னது "எக்செல் பயன்படுத்தியது தப்பு" என்று. அது பாதி நியாயம். பெரிய டேட்டாபேஸிலும் நெடுவரிசைக்கு அளவு உண்டு, நிரல் மொழிகளிலும் எண்ணுக்கு அளவு உண்டு. எல்லை இல்லாத கருவியே கிடையாது. நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன், என் பார்வையில் இங்கே முக்கியமான கேள்வி எல்லை எவ்வளவு என்பது இல்லை. முட்டினா சத்தம் கேட்குமா என்பதுதான்.

விசிகால்க் எல்லையை மூலையில் காட்டிக்கொண்டே இருந்தது. லோட்டஸ் முட்டியதும் கத்தியது. இன்றைய எக்செல்லும், ஒரு ஆள் பெரிய சிஎஸ்வியைத் திறந்தால் முழுசாக ஏறவில்லை என்று சொல்லும். பழைய வடிவத்தில் சேமிக்கப் பார்த்தால் 65,536-க்குக் கீழே இருப்பது போய்விடும் என்று எச்சரிக்கும். ஆனால் அந்தச் செய்திகள் எல்லாம் திரை முன்னாடி ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று நம்பி எழுதினவை. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் தானே ஓடும்போது பெட்டி போட்டு யாரிடம் சொல்வது? 1979-ல் இருந்த அந்த ஆள், 40 வருஷத்தில் எழுந்து போய்விட்டார். நாற்காலி காலி என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இதைவிட அமைதியான எல்லையும் எக்செல்லில் இருக்கு. ஒரு எண்ணில் 15 இலக்கம்தான் அது துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க டெபிட் கார்டு எண்ணைத் தட்டிப் பாருங்க, கடைசி இலக்கம் பூஜ்யம் ஆகிவிடும். பெட்டியும் வராது, சிவப்புக் கோடும் வராது.

நாம என்ன செய்யலாம்?

நாலு விஷயம் சொல்றேன்.

ஒன்று, மளிகைக்கடை அண்ணாச்சி தினமும் செய்றதுதான். உள்ளே வந்தது எத்தனை, வெளியே போனது எத்தனை, டாலி ஆகுதா? ஆய்வக ஃபைலில் இத்தனை வரிசை, நம்ம ஷீட்டில் இத்தனை வரிசை என்று ஒரே ஒரு ஒப்பீடு போதும். இரண்டும் சேரவில்லை என்றால் வேலையை நிறுத்து. பிரிட்டனில் அந்த ஒரு சரிபார்ப்பு முதல் நாளே காட்டிக்கொடுத்திருக்கும்.

இரண்டு, உங்க ஆபீஸில் இன்னும் எக்ஸ்எல்எஸ் ஃபைல் ஓடிக்கொண்டிருந்தால், முக்கியமாக ஏதாவது தானியங்கி வேலை அதை எழுதிக்கொண்டிருந்தால், இந்த வாரமே மாற்றுங்க.

மூன்று, மெமரிப் பெட்டி வந்தால் கடைக்கு ஓடாதீங்க. முதலில் உங்க எக்செல் 32-பிட்டா 64-பிட்டா என்று பாருங்க. பிறகு முழு நெடுவரிசையைக் கேட்கும் அரே ஃபார்முலாக்களைத் தேவையான அளவுக்குச் சுருக்குங்க. கணக்கு முடிந்து இனி மாறாத ஃபார்முலாக்களை வெறும் மதிப்பாக ஒட்டிவிடுங்க. கார்டு எண், கணக்கு எண் போன்றவற்றை டெக்ஸ்ட்டாகவே வையுங்க. அதையெல்லாம் யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை.

நாலு, என்னை மாதிரி நிரல் எழுதுறவங்களுக்கு. இடம் பத்தவில்லை என்றால் மிச்சத்தை வெட்டிப் போட்டுவிட்டு "முடிந்தது" என்று சொல்லும் நிரல் எழுதாதீங்க. எர்ரர் காட்டி நிற்கட்டும். அர்த்த ராத்திரியில் ஃபோன் அடிக்கட்டும். திட்டுவாங்க, பரவாயில்லை. லோட்டஸையும்தான் திட்டினாங்க.

அடுத்த தடவை உங்க திரையில் அந்த மெமரிப் பெட்டி வந்தால், கோபப்படுறதுக்கு முன்னாடி ஒரு நொடி நினைச்சுக்கோங்க, அது குறைந்தபட்சம் உங்களிடம் சொல்லிவிட்டது.

இந்த எபிசோட் அவ்வளவுதான். உங்க ஆபீஸில் எந்த எல்லையில் முட்டினீங்க, எப்படித் தாண்டினீங்க என்று எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சிலதைப் படிக்கலாம். அதுவரைக்கும் வரிசைகளை எண்ணிக்கொண்டே இருங்க.